எந்த நாட்டு நாய்?

மகாபாரதத்தின் பதினேழாவது பருவமாகிய மகாப்பிரஸ்தானிக பருவம் அளவில் மிகச் சிறியது. வில்லிபுத்தூரார் போரின் முடிவோடு தம் பாரதத்தை நிறுத்திக்கொண்டதால், தமிழில் பாரதம் படித்தவர்கள்கூட அந்தப் பருவத்தைப் பெரும்பாலும் செவிவழியாகவே அறிந்திருப்பார்கள். நாட்டைத் துறந்து வடதிசை நோக்கி நடக்கும் பாண்டவர்களுடன் ஒரு நாயும் நடக்கிறது. திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக விழுந்துவிட, தருமனும் நாயும் மட்டுமே எஞ்சுகின்றனர். தேரோடு வந்து நிற்கும் இந்திரன், நாயோடு வருபவர்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அண்டி வந்ததைக் கைவிட்டு அடையும் சொர்க்கம் தனக்கு வேண்டாம் என்கிறான் தருமன். நாய் தருமதேவதையாக உருமாறுகிறது. வாசல் திறக்கிறது.

வளர்ப்பு நாயை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல முனைந்து அலைக்கழிந்த சிலர் இக்கதையை ஒரு வாதமாகவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்புக்கு முன்னால் எந்த விதியும் செல்லாது என்பது அவர்கள் துணிபு. எனக்கு அப்படிப் படவில்லை. இந்திரனின் மறுப்புக்கு அடியில் இருப்பது தூய்மை, தீட்டு பற்றிய எண்ணம். மண்ணுலகின் வாசல்களில் காகிதங்களைச் சரிபார்க்கும் அதிகாரிகளின் மறுப்புக்கு அடியில் இருப்பது ஒரு வைரஸ். வெறிநோய் என்று நாம் அழைக்கும் அந்த நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால், கடிபட்டவரைக் காப்பாற்ற இன்றுவரை நம்பத்தக்க சிகிச்சை இல்லை. தருமனின் நாய் வாசலில் தன் உண்மை உருவைக் காட்டிவிட்டது. நம் நாய்களின் உடலில் ஏதேனும் ஒளிந்திருந்தால் அது வெளிப்படச் சில மாதங்கள் ஆகும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

என்னோடு பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இயற்பியல் ஆசிரியர் ஒருவர் 2023இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மனைவிக்கு அங்கே செவிலியர் வேலை. வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. அவர்களுடைய பையனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது குட்டியாக வந்தது. விசா கைக்கு வந்தபோது பயணத்துக்கு ஆறு வாரங்களே இருந்தன. அதன்பிறகுதான் நாய்க்கான காகிதங்களை விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு முகவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து, குறைந்தது நான்கு மாதம் பிடிக்கும் என்றார். நாய் பையனின் தாத்தா வீட்டுக்குப் போயிற்று. விடைபெற வந்த நண்பர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மனுஷனுக்கு விசா குடுத்துட்டான் சார். நாய்கிட்டதான் தீண்டாமை பாக்கறான்."

இச்சொற்கள் கோபத்தில் வந்தவை. ஆயினும் இவற்றைப் பலரும் பல விதமாகச் சொல்லக் கேட்கிறேன். நம் நாட்டு நாய் என்பதால் இளக்காரம், கறுப்பு நாட்டு நாய் என்பதால் ஐயம் என்று. இது உண்மைதானா என்று பார்க்க வேண்டுமானால் விதிகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கோ பூனைக்கோ முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அரிசி மணி அளவே உள்ள அந்தச் சில்லில் பதினைந்து இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறி, ஊசி முதலிலும் சில் பின்னரும் என்றானால் அந்த ஊசி கணக்கில் வராது. எந்த நாய்க்குப் போட்டது என்பதற்குச் சான்றில்லை அல்லவா? ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் நல்லவர்கள் பலர் இந்த இடத்தில்தான் முதல் அடி வாங்குகிறார்கள். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். புறப்படும் தறுவாயில் நலச்சான்றிதழ். நாயானால், சென்று சேர்வதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்ததற்கான குறிப்பு.

விமானத்தில் நாய் மடியில் அமர்ந்து பிரிட்டனுக்குள் நுழைய முடியாது. சரக்காகவே செல்ல வேண்டும். உரிமையாளரின் பயணத்துக்கு முன்போ பின்போ ஐந்து நாட்களுக்குள் அது வந்து சேர வேண்டும். தவறினால் அது வளர்ப்புப் பிராணி அன்று, வணிக இறக்குமதி. அதற்கு வேறு விதி, வேறு சான்றிதழ். எனவே நாம் முதலில் போய்விட்டு நிதானமாக நாயை வரவழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் அவ்வளவு எளிதன்று. காகிதம் ஏதேனும் பிழையென்றால் நான்கு மாதம் வரை தனிமைக்காப்பு, உரிமையாளரின் செலவில்.

இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பது உறுதியான பிறகும் ஏன் மூன்று மாதம் என்ற கேள்வி எவருக்கும் எழும். ஊசி போடுவதற்கு முன்பே அந்த நாயை வேறொரு வெறிநாய் கடித்திருந்தால் என்ன ஆகும்? வைரஸ் இரத்தத்தில் பயணம் செய்வதில்லை. கடிவாயிலிருந்து நரம்பின் வழியாக மூளையை நோக்கி மெல்ல ஊர்கிறது. பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் நோய் வெளிப்படுகிறது. சில வேளை ஒரு வாரத்தில், சில வேளை ஓராண்டு கழித்து. அந்த இடைக்காலத்தில் நாய் உண்ணும், விளையாடும், வாலாட்டும். எந்தக் கால்நடை மருத்துவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. உயிரோடிருக்கும் நாயின் உடலில் மறைந்திருக்கும் வெறிநோயை உறுதியாகக் கண்டறியும் சோதனை இல்லை. இறந்தபின் மூளையைச் சோதித்துத்தான் அறிய முடியும். எனவே காலம் ஒன்றே சோதனை. மூன்று மாதம் என்பது வைரஸின் நடைவேகத்தை அளந்து வைத்த கெடு. அந்த நாட்களை எண்ணியதில் எவருடைய தோல் நிறத்துக்கும் பங்கில்லை.

(திருவாதவூரர் கதையில் பாண்டியன் வாங்கிய குதிரைகள் ஒரே இரவில் நரிகளாகிவிட்டன. வைரஸ் அவ்வளவு விரைவாகத் தன்னைக் காட்டிக்கொள்ளுமானால் உலகின் எல்லாத் தனிமைக்கூடங்களையும் ஓர் இரவுத் தங்கலோடு மூடிவிடலாம்.)

பிரிட்டன் இந்தக் கணக்கைப் பிறர்மீது சுமத்துவதற்கு முன் தன்மீதே சுமத்திக்கொண்டது என்பதை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தின் தெருக்களிலும் வெறிநாய் திரிந்தது. 1897இல் வேளாண்மை வாரியத்தின் தலைவராக இருந்த வால்டர் லாங் நாய்களுக்கு வாய்மூடி கட்டாயம் என்ற ஆணையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். நாய் வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். நாய்களுக்கு இழைக்கும் கொடுமை என்றனர். அதே ஆண்டில் வெளிநாட்டு நாய்களின் வருகைக்கும் கட்டுப்பாடு வந்தது. அதுவே 1901இல் ஆறு மாதத் தனிமைக்காப்பாக உறுதிப்பட்டது. 1902இல் நோய் ஒழிந்தது. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் பிரான்சில் தாம் வளர்த்த நாய்களை மறைத்துக் கொண்டுவந்ததால் 1918இல் தென்மேற்கு இங்கிலாந்தில் மீண்டும் புகுந்து, 1922இல்தான் அகன்றது. போர்க்களத்தின் பதுங்குகுழியில் துணையாய் இருந்த நாயை விட்டுவிட்டு வர மனமில்லாத வீரனின் அன்பை எவரால் பழிக்க முடியும்? ஆனால் அந்த அன்பு ஒரு நாட்டை நான்கு ஆண்டுகள் நோயில் வைத்தது.

இதைவிடச் சிக்கலான நிகழ்ச்சி 1969இல். ஜெர்மனியிலிருந்து வந்த நாய் ஒன்று ஆறு மாதத் தனிமைக்காப்பை முறையாக முடித்து வெளிவந்தது. வெளிவந்த சில நாட்களிலேயே கேம்பர்லி என்ற ஊரில் அதற்கு வெறி கண்டது. மறு ஆண்டு நியூமார்க்கெட்டில் இன்னொரு நாய். விதியை மீறாதவர்களின் நாய்கள் இவை. காலம் என்ற ஒற்றைச் சோதனையும் முழுமையானதன்று என்பது தெரிந்தது. இன்றைய முறையில் சில், ஊசி, இரத்தச் சோதனை, காத்திருப்பு என்று நான்கு அடுக்குகள் இருப்பதன் காரணம் இதுதான். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிராணிப் பயணத் திட்டத்தின் வழியாக ஐரோப்பிய நாய்களுக்குக் கூண்டு வாசம் நீங்கியது. இந்தியா போன்ற நாடுகளின் நாய்களுக்கு 2012 ஜனவரி வரை அந்த ஆறு மாதம் தொடர்ந்தது. அதன்பின் நம் நாய்கள் தம் காத்திருப்பை நம் வீட்டுத் திண்ணையிலேயே கழிக்கலாம் என்றாயிற்று. ஆறு மாதம் அந்நியக் கூண்டில் கிடப்பதற்கும் மூன்று மாதம் தன் வீட்டில் படுத்திருப்பதற்கும் உள்ள தூரம் நாய்க்குத் தெரியும். விதிகள் இரக்கமற்றவை என்போர் இந்த மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சரி, விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறதா? காகிதத்தில் ஒன்றுதான். 1968இல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் லண்டனில் இருந்தபோது, தங்கள் நாய்கள் பிரிட்டன் மண்ணை மிதிக்காமல் இருக்கும்பொருட்டு தேம்ஸ் நதியில் ஓர் உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்து நிறுத்தி, அதில் அவற்றைக் குடிவைத்தனர். மண்ணைத் தொடாதவரை இறக்குமதி இல்லை! தீட்டு சாத்திரத்தில் தேர்ந்த நம்மூர்ப் பெரியவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமான விலக்கைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். 2015இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் தம் இரு குட்டி நாய்களைத் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அறிவிக்காமல் இருந்துவிட்டார். அந்நாட்டு வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ், நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொல்லப்படும் என்று கெடு விதித்தார். நாய்கள் திரும்பின. மறு ஆண்டு டெப்பின் மனைவி நீதிமன்றத்தில் பொய்யான நுழைவுப் படிவம் தந்ததை ஒப்புக்கொண்டார்; தம்பதியர் மன்னிப்புக் காணொளி ஒன்றில் தோன்ற வேண்டியிருந்தது. அமைச்சரின் பேச்சு முரட்டுத்தனமாகவே இருந்தது என்றாலும், நட்சத்திரத்துக்காக விதி வளையாததில் எனக்கு மகிழ்ச்சியே. பணம் இருப்பவருக்குப் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. செவிலியர் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது கிடைக்காது. விதியில் அநீதி இருக்குமானால் அது இந்தச் செலவில் இருக்கிறது. ஆய்வகக் கட்டணம், சரக்குக் கட்டணம், முகவர் கட்டணம் என்று சில லட்சங்கள் கேட்கும் ஒரு வழி அன்பை வருமானத்தால் அளக்கிறது.

இனி நண்பரின் சொல்லுக்கு வருகிறேன். நுழைவுப் படிவங்கள் எதிலும் இந்த நாய் எப்படிப்பட்டது என்ற கேள்வி பெரிதாக இல்லை. எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. ஆஸ்திரேலியா இந்திய நாயை நேரடியாக அனுமதிப்பதே இல்லை. தான் அங்கீகரித்த வேறொரு நாட்டின் வழியாகத்தான் வர வேண்டும், வந்தபின்னும் மெல்பர்னுக்கு அருகே மிக்கல்ஹமில் உள்ள அரசுத் தனிமைக்கூடத்தில் தங்க வேண்டும். ஜப்பானில் காத்திருப்பு 180 நாள். அமெரிக்கா பல்லாண்டுகளாகத் தளர்வாக இருந்த நாடு. பொய்ச் சான்றிதழ்கள் பெருகியதைக் கண்டு 2021 ஜூலையில் வெறிநோய் மிகுந்த நாடுகளின் நாய்களை நிறுத்திவைத்தது. 2024 ஆகஸ்டு 1 முதல் புது விதிகளைக் கொண்டுவந்தது. ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கு அனுமதி இல்லை. இந்தியா போன்ற நாட்டில் ஊசி போடப்பட்ட நாய், அரசு மருத்துவரின் ஒப்புதலோடு, குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். இரத்தச் சோதனை இல்லையென்றால் 28 நாள் தனிமை. இந்தப் பட்டியல்களில் எல்லாம் இந்தியா கடைசி வரிசையில் நிற்கிறது.

இதில் புண்படுவது இயல்பு. ஆனால் பட்டியலைப் போட்டவர்களிடம் சண்டைக்குப் போவதற்கு முன், எழுதியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு. 2025இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான இந்திய ஆய்வாளர்களின் மதிப்பீடு இதைக் குறைத்து, ஆண்டுக்கு 5,726 மரணங்கள் என்கிறது. குறைந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் நாளொன்றுக்குப் பதினைந்து பேர் என்று வகுத்துப் பார்த்தால் ஆறுதல் நிற்பதில்லை. தடுப்பூசி இருக்கும் ஒரு நோயால்.

தமிழ்நாட்டுக்கு இந்நோயோடு பழைய உறவு உண்டு. தென்னிந்தியாவில் சிகிச்சைக்கு இடமில்லாமல், கடிபட்டவர்கள் இமயத்தின் அடிவாரத்தில் கசௌலியில் 1900இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்த காலத்தில், 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் ஆட்டு மூளையிலிருந்து உருவாக்கிய மருந்துதான் நம் பாட்டன்மார் காலம் தொட்டு நம் காலம்வரை வந்த 'தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி'. என் தலைமுறையில் அந்த ஊசிக்குப் பயந்து நாய் கடித்ததை வீட்டில் மறைத்த பிள்ளைகள் உண்டு. 2004இன் இறுதியில்தான் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது. இன்று அரசு மருத்துவமனையில் தோளில் போடும் ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாம் கடிபட்ட மனிதனுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறோம். நோயின் ஊற்றுக்கண்ணாகிய நாய்க்குப் போடுவதில்தான் நமக்கு முனைப்பு வரவில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினால் வருவது; ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து ஊசி போட்டு வந்தால் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகறிந்த கணக்கு.

பிரிட்டன் தீவு, ஆஸ்திரேலியா தீவுக்கண்டம், அவர்களால் முடியும் என்பார்கள். ஜப்பானும் தீவுதான், ஆனால் போரில் எரிந்து கிடந்த ஜப்பான் 1950இல் நாய்ப்பதிவையும் ஆண்டு ஊசியையும் சட்டமாக்கி, 1957க்குள் நோயை ஒழித்தது. நம் விடுதலைக்கு மூன்றாண்டுகளுக்குப் பிறகு தொடங்கி நம் இரண்டாம் பொதுத்தேர்தல் நடந்த ஆண்டில் முடித்துவிட்டார்கள். மெக்சிகோ தீவு இல்லை, செல்வ நாடும் இல்லை. நாய்களுக்கு இலவசப் பெருந்திரள் தடுப்பூசி இயக்கத்தைப் பல்லாண்டு நடத்தி, நாயினால் பரவும் வெறிநோய் மரணங்கள் அற்ற நாடு என்ற ஏற்பை 2019இல் உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. அவ்வளவு தூரம் போவானேன்? கோவாவில் 2013 முதல் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, வலையும் ஊசியும் கைப்பேசிச் செயலியுமாகத் தெருத்தெருவாகப் போனார்கள். நாய்களிடையே நோய் 92 சதவீதம் குறைந்தது என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே கடற்கரை, அதே வெயில், அதே தெருநாய். 2021இல் மத்திய அரசு நாய்வழி வெறிநோயை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தையும் வெளியிட்டது. காகிதம் நம்மிடமும் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பிடங்களில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாள் கழித்து, ஊசி போட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்று திருத்தியது. அப்போது நாடே இரு கட்சியாகப் பிரிந்து பேசிற்று. நாய் வேண்டும், நாய் வேண்டாம் என்ற இரண்டு குரல்களுக்கு நடுவே ஊசி என்ற சொல் எத்தனை முறை கேட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன். என் நண்பரின் சிப்பிப்பாறைக்கு ஆண்டு தவறாமல் ஊசி போடப்பட்டிருந்தது. ஆயினும் அது காத்திருக்க வேண்டியிருந்தது, தெருமுனையில் ஊசி போடப்படாமல் திரியும் நாய்களுக்காக. வீட்டுக்குள் மெத்தையில் வளரும் நாயின் நுழைவுச்சீட்டைத் தெருநாய் எழுதுகிறது. மதிலுக்கு உள்ளே இருப்பதை நம் நாய் என்றும் வெளியே இருப்பதை நாய் என்றும் பிரிப்பது நாம்தான். பட்டியல் போடுகிற அந்நியனுக்கு அந்த மதில் தெரிவதில்லை. தீண்டாமை என்ற சொல்லைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், அதை எங்கே பயன்படுத்துவது என்று நண்பரிடம் கேட்டிருப்பேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

நம் வாசலும் அவ்வளவு அகலமானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்து குடிபெயர்ந்து திரும்புபவர் இரண்டு பிராணிகள் வரை கொண்டுவரலாம். அதற்கும் விலங்குத் தனிமைக்காப்பு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அத்தகைய அலுவலகம் சென்னையிலும் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழத் தொடங்கியபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்கள் சிலர் நாயையோ பூனையையோ விட்டுவிட்டு வர மறுத்து எல்லையில் நின்றார்கள். பல ஐரோப்பிய நாடுகள் அகதிகளோடு வரும் பிராணிகளுக்குக் காகிதங்களைத் தளர்த்தின. இந்திய அரசும் ஒருமுறைச் சலுகையாக வழிவிட்டது. அப்போது தளர்த்தப்பட்டது காகிதமே தவிர, வந்தபின் கண்காணிப்பு வேண்டும் என்ற கோட்பாடு அன்று. விதியும் இரக்கமும் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

பூனையும் நாயும் வளர்ப்போர் தம் நிலையை நொந்துகொள்ளும்போது கிளி வளர்ப்போரை நினைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் கூண்டில் தொங்கிய பச்சைக்கிளியை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வளர்ப்பதே குற்றம். வெளிநாடு கொண்டுபோவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. மீனாட்சியின் கையில் இருப்பதால் அது விதிவிலக்கு என்று எண்ணுகிறவர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது; கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல்லில் பெயர் எழுதிய நாட்டில், இன்று வெளிநாடு செல்லும் குடும்பங்கள் விட்டுப்போகும் நாய்களின் கதி என்ன என்று விசாரித்தால் மனம் கனக்கிறது. தாத்தா வீடு வாய்ப்பது எல்லா நாய்களுக்கும் அன்று. காப்பகத்தின் வாசலில் இரவோடு இரவாகக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே நாய்க்குச் சில் பொருத்தி ஊசி போட்டுவிட்டால், பெரும்பாலான நாடுகளுக்கு ஏழு மாத அவகாசத்துக்குள் எல்லாம் முடியும். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு ஓராண்டு முன்பே அலைகிற நமக்கு இது இயலாத காரியமன்று. முகம் தட்டையான பக் போன்ற இனங்களை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் உண்டு. முதிர்ந்து நோயுற்ற நாய்க்குச் சரக்கறைப் பயணமே தண்டனை. அவற்றுக்கு இங்கேயே நல்ல வீடு தேடுவதுதான் அன்பு என்பேன். அதற்கும் ஆறு வாரம் போதாது.

எங்கள் கல்லூரி வளாகத்தில் பதினொரு நாய்கள் இருக்கின்றன. விடுதிச் சோற்றில் வளர்பவை. எவருக்கும் சொந்தமில்லாதவை, எல்லோராலும் பெயரிட்டு அழைக்கப்படுபவை. சென்ற செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளன்று, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துவந்து அவற்றுக்கு ஊசி போட ஏற்பாடு செய்தார்கள். காலையில் ஆறு, பிற்பகலில் கறிச்சோற்றுக்கு மயங்கி மூன்று, ஆக ஒன்பது பிடிபட்டன. ஊசி போட்டதற்கு அடையாளமாக முதுகில் பச்சை மை தடவினார்கள். மீதி இரண்டும் நூலகத்துக்குப் பின்னால் உள்ள முள்வேலிக்குள் புகுந்துகொண்டு மாலைவரை வெளியே வரவில்லை. மருத்துவர் அடுத்த சனிக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்தார், ஒன்று அகப்பட்டது.